கஸ்தூரியின் அறைக்கு மஞ்சள் வேண்டாம்

திருமுல்லைவாயல்
20.11.1987

அன்பு மகள் கஸ்தூரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ சுகம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போடு. பொக்காரோவில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதைக் கட்டிக்கொள்ளாமல் வெளியே போகாதே. நீ பிரசவத்துக்கு வருவதற்குள் தெருப்பக்கத்து அறைக்கு வண்ணம் அடித்துவிட வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். நீ மஞ்சள் கேட்டாய், நான் நீலம் என்றேன், அம்மாவுக்கு ரசனை ஏது என்று சிரித்திருப்பாய்.

வெள்ளையடிக்கிற துலுக்கானம் செவ்வாய்க்கிழமை வந்து சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துக் காட்டினான். நீலம் அறையைக் கொஞ்சம் இருட்டாக்குகிறது, மஞ்சள் பளிச்சென்றுதான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் சுண்ணாம்புத் தண்ணீரில் மஞ்சள் வண்ணப் பொடியைப் போட்டுக் கலக்கினபோது எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. உன் தம்பி ஆனந்தனுக்குக் காமாலை கண்டபோது மந்திரிக்கிறவரிடம் கூட்டிப்போனோமே, கையில் மாம்பட்டைச் சாறு தடவிச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினார், தட்டெல்லாம் மஞ்சளாக இறங்கியது. நோய் இறங்குகிறதென்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இதைத் துலுக்கானத்திடம் சொன்னால், அது யாரு கையக் கழுவினாலும் மஞ்சளாத்தாம்மா வரும், நோவு இருந்தா இன்னா இல்லாங்காட்டி இன்னா என்கிறான். அவன் போனதும் கொல்லை மாமரத்தில் பட்டை உரித்து என் கையைக் கழுவிப் பார்த்தேன். வந்ததடி, அதே மஞ்சள்.

அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகவே பயமாக இருக்கிறது. மத்தியானம் வெயில் பட்டால் சுவரின் மஞ்சளில் கடைசி நாள் ஆனந்தன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த மாதிரியே இருக்கிறது. அப்பா அலட்சியமாக இருந்துவிட்டார் என்று எட்டு வருஷமாக நீ அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார் கஸ்தூரி. இன்னும் மூன்று தடவை கழுவட்டும் என்று வாசலில் மறித்தவள் நான். அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவிடவில்லை.

நீலத்தையே அடிக்கச் சொல்லிவிட்டேன். மஞ்சள் அறையில் எல்லாக் குழந்தையும் மஞ்சளாகத்தான் தெரியும், நீல அறையில் கண் மஞ்சளித்தால் உடனே தெரிந்துவிடும்.

முருகன் துணையிருப்பான், தாயும் பிள்ளையுமாகப் பல்லாண்டு வாழ்க. இரும்பு மாத்திரையை மறக்காதே. பிள்ளைக்கு ஏதாவது என்றால் நான் என்ன சொன்னாலும் கேட்காதே, அப்பாவைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா சொர்ணம்