ஏழாம் எண் வாளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை உங்கள் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

நம் தெருவில் உரத்தொட்டி வைத்ததைச் சொன்னேன் அல்லவா. சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று வீட்டுக்கு ஒரு வாளி, எண் போட்டுக் கொடுத்தார்கள். காலையில் வாளிகளை எடைபோட்டு நோட்டில் எழுதி, தொட்டியில் கொட்டி மேலே மரத்தூள் தூவுவது என் பொறுப்பு. எந்த வீட்டு வாளி எடை குறைவோ அந்த எண்ணை மாதக் கடைசியில் பலகையில் எழுதுவார்கள். மூன்று மாதமாக நம் வீடுதான் முதலிடம், எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்க வீட்டுல ஒரு பருக்கை வீணாகாதுன்னு மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் பெருமையடித்தேன், அவள் முகம் சுண்டிப்போயிற்று. அந்த வாய்க்கொழுப்புக்கு இப்போது அனுபவிக்கிறேன்.

போன வாரம் தொட்டி நாற ஆரம்பித்தது. தழையும் தோலும் சூடாகி மண்ணாகிவிடும், சமைத்த சாப்பாடு அளவுக்கு மீறினால் புழு வைத்துவிடும். எந்த வாளி என்று நோட்டைப் புரட்டினேன். ஏழாம் எண். முதலில் ஒரு கைப்பிடி எடை, பிறகு அரைக் கிலோ, இப்போது தினமும் ஒரு கிலோ. ஏழாம் எண் மாடி வீடு, தபால்காரர் குடும்பம் காலி செய்துபோய் நான்கு மாதமாகிறது, கதவில் பூட்டு தொங்குகிறது, வாளி மட்டும் மற்ற வாளிகளோடு வெளியே நிற்கிறது. எண்ணைப் பார்த்து எழுதினேனே தவிர அது யார் வீடு என்று யோசிக்கவே இல்லை பார். பேயும் டயட்ல இருக்கு போல, சாப்பிடாம வச்சிடுதுன்னு காவலாளி சிரித்தான், நானும் சிரித்தேன். பிறகு வாளியைக் குச்சியால் கிளறினேன். ரொட்டி, அவித்த முட்டை, கேரட். கேரட் துண்டு ஒவ்வொன்றிலும் மெல்லிய கோடு ஒன்று எழும்பி நின்றது. பள்ளியில் படிக்கும்போது டப்பா மூடியை நெம்பி என் கத்தியின் வெட்டும் விளிம்பில் ஒரு சில்லை உடைத்தாயே, அந்த உடைசல் போடும் கோடு. வேறு எந்த வீட்டிலும் அப்படி வெட்டு விழாது.

அன்றிலிருந்து கவனிக்கிறேன். நான் பரிமாறிவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகும் நேரத்தில்தான் அது நடக்கிறது. திரும்பி வந்தால் அப்பா தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். பஸ் ஓட்டிய காலமெல்லாம் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத மனுஷன் திருந்திவிட்டாரே என்று மகிழ்ந்துபோயிருந்தேன். பாதிப் படியில் நின்று எட்டிப் பார்த்தேன், உள்ளே போவது கொஞ்சம் ரொட்டிதான், அதையும் தண்ணீரில் ஊறவைத்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறார். உன் பெரியப்பாவுக்கும் ரொட்டியை ஊறவைப்பதில்தான் தொடங்கியது, கடைசியில் தண்ணீரும் இறங்கவில்லை. தன் அண்ணன் பக்கத்திலேயே இருந்து அப்பா எல்லாவற்றையும் பார்த்தவர். டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டால், எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

நேற்று ஒரு பொய் சொன்னேன். வாளி எடைபோடுகிற மெஷின் பெரியது, ஆளே ஏறி நிற்கலாம். மெஷின் தப்பா காட்டுது, ஏறி நில்லுங்க, சரிபார்க்கணும்னேன். ஏறினார். கண் ஆபரேஷனின்போது எழுபத்தொரு கிலோ இருந்தவர், நேற்று ஐம்பத்தெட்டு. எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெஷின் சரியாத்தான் இருக்குன்னு சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இன்று காலை ஏழாம் எண் வாளி காலி. நம் வாளியில் இருந்தது, நேற்று ராத்திரி வைத்த சாப்பாடு முழுக்க, ஒரு வாய்கூடக் குறையாமல். அதை நம் எண்ணுக்கு நேராக எழுதிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னிடம் வாயைத் திறக்க மாட்டார், நீ வந்து நின்றால் டாக்டரிடம் திறந்து காட்டுவார். லீவு கிடைத்ததும் வருகிறேன் என்று சொல்லாதே, வா. பேத்திக்கு என் முத்தம், நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று, புதுக் கத்தி வாங்கி வருகிறேன் என்றாயே, வேண்டாம். இந்தக் கத்தி இருக்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா