டிக்கியின் கடனும் என் இருபத்தாறு சதவீதமும்

ஆகஸ்ட் 4

என்னிடம் வாங்கிய கடனில், தடித்த வெங்காயத்தாள் மாதிரி வளரும் லீக் நாற்று வாங்கி, அதை வளர்த்து என்னையே தோற்கடித்தான் டிக்கி ராப்சன். நடந்த அநியாயம் இதுதான். மீன் வறுவல் வண்டிக்கு அடுப்பு வாங்க என்று மூவாயிரத்து இருநூறு பவுண்ட் கொடுத்தேன். அடுப்பு வந்தது, மிச்சத்தில் நாற்றும் வந்தது. போன வருடக் கண்காட்சிப் போட்டியில் அவன் லீக் என்னுடையதைவிட மூன்று கன அங்குலம் பருமன்; கோப்பை அவனுக்கு. எங்கள் ஊர் ஆஷிங்டன் முழுக்கச் சிரித்தது.

இன்று தபால். அவனால் கடன்களை அடைக்க முடியவில்லையாம். ஐந்து வருடம் மாதம் நூற்றைம்பது கட்டுவானாம். கடன் கொடுத்த எங்களுக்குப் பவுண்டுக்கு நாற்பது பென்ஸ் தேறுமாம், பாதிகூட இல்லை. கடன் கொடுத்தவர்கள் 25ஆம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

"ஒத்துக்கோயேன்யா" என்றாள் என் மனைவி நான்சி.

நாற்பது பென்ஸுக்கா?

ஆகஸ்ட் 9

படிவத்தில் 'திருத்தங்கள்' என்று ஒரு கட்டம். நல்ல கட்டம். எழுதினேன்: கோப்பையைத் திருப்பித் தர வேண்டும். லீக் சங்க விருந்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அளவு நாடா சரியில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

தபாலை நம்பமாட்டேன். நேரில் கொடுப்பேன்.

ஆகஸ்ட் 10

அளவு நாடா சரியாகத்தான் இருந்தது. அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 19

டிக்கியின் பாத்தியில் களை! வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டேன். அவனும் பார்த்துவிட்டான்.

"இந்த வருஷம் நான் போட்டிக்கு வரலண்ணே. வண்டி போச்சுன்னா லீட்ஸ்ல மக வீட்டுக்குப் போயிருவேன். கோப்பை உனக்குத்தான்."

எனக்குத் தானம் போடுகிறானா? எனக்கா?

ஆகஸ்ட் 25

சாவு வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பன்றி இறைச்சி சாண்ட்விச் கட்டிக்கொண்டு, படிவத்தைக் கொடுக்க நியூகாஸில் அலுவலகத்துக்குப் போனேன். பேசுவதற்கு நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அங்கே ஹெப்பிள் என்ற பெண் மட்டும் இருந்தாள். இந்த ஏற்பாட்டை நடத்துபவள் அவள்தான்.

"கூட்டம் எங்கம்மா?"

"கூட்டமெல்லாம் கிடையாது சார். எல்லாரும் தபால்லயும் ஈமெயில்லயும் ஓட்டுப் போடுவாங்க."

"டீ?"

"டீ போட்டுத் தரேன், உக்காருங்க."

எங்கள் லீக் சங்கத்தில் ஓட்டென்றால் ஆளுக்கு ஒரு கை. இங்கே பவுண்டுக்குத்தான் கை. ஒன்பதாயிரம் கொடுத்த வங்கி சரி என்றுவிட்டது. கிரெடிட் கார்டு கம்பெனிகள் இரண்டும் பதிலே போடவில்லை. போடாதவர் கணக்கில் இல்லை. ஏற்பாடு நிறைவேற, ஓட்டுப் போட்டவர்களின் பணத்தில் எழுபத்தைந்து சதவீதம் 'சரி' சொல்ல வேண்டும். என் பங்கு இருபத்தாறு.

"அப்படின்னா..."

"நீங்க வேண்டாம்னா அவ்வளவுதான் சார். திவாலாயிருவாரு. வண்டி போகும், வீடும் போகலாம். உங்களுக்கு அனேகமா ஒண்ணும் வராது."

சாண்ட்விச்சைத் தின்று முடிக்கும்வரை யோசித்தேன். அவன் லீட்ஸ் போய்விட்டால் நான் யாரைத் தோற்கடிப்பது? மூன்று கன அங்குலத்தை யாரிடம் வசூலிப்பது?

மூன்று திருத்தங்களையும் அடித்தேன். ஒன்று எழுதினேன்: டிக்கி போட்டிக்கு வர வேண்டும்.

"சார், இது கடன் சம்பந்தமே இல்லையே!"

"எனக்கு அவன் பட்டிருக்கிற கடன்லயே பெரிசு இதாம்மா. அவன்கிட்ட கேளு."

போன் போட்டாள். அவன் சிரித்தது மேசைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சியதும்.

'சரி' என்ற கட்டத்தில் குறி போட்டேன். அழுத்தியதில் தாள் கிழிந்தது.

ஆகஸ்ட் 26

இனிச் செய்ய வேண்டியவை.

ஹெப்பிள்: மாதாமாதம் டிக்கியிடம் பணம் வாங்க வேண்டும். வருடா வருடம் எனக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். தபாலில்.

நான்சி: நான் இளகிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்வதை நிறுத்த வேண்டும்.

நான்: அவன் பாத்தியில் களை எடுக்க வேண்டும். இன்று பாதி முடிந்தது, முதுகு வலி.

டிக்கி: கண்காட்சியன்று இருவர் லீக்கையும் தன் வண்டியில் ஏற்றிப் போக வேண்டும். எண்ணெய் படாமல். பிறகு தோற்க வேண்டும்.