டாஸில் வென்று ‘டிஃபர்’ என்றவனுக்கு

என் ஆசைத் தம்பி ரூபன்,

நீ போய் இரண்டு மாதமாகிறது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

நேற்று உன் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் உன் ஞாபகமாக ஒரு மேட்ச் வைத்தது. கேப்டனாக நீ நிற்கிற இடத்தில் நின்று டாஸ் கேட்க என்னைக் கூப்பிட்டார்கள். அம்மாவை வீல்சேரில் வைத்துக் கூட்டிப்போனேன். மடியில் அந்த நீலப் பை.

எந்தப் பை என்று கேட்காதே. ஜனவரியில், அம்மாவை ஆறு மாதம் நீ, ஆறு மாதம் நான் பார்ப்பதாகப் பேசினோம். யார் முதலில் என்று வடக்கு லண்டனில் என் ஆர்ச்வே வீட்டுக் குசினியில், அடுப்படியில் நின்று ஒரு பவுண் காசைச் சுண்டினாய். நீதான் வென்றாய். அம்மா அங்கேயே பையை அடுக்கத் தொடங்கிவிட்டார், உன்னோடு தெற்கே மோர்டனில் உன் வீட்டுக்கு வர. நீ சிரித்துக்கொண்டே “டிஃபர்” என்றாய்.

“அது என்னடா?”

“வெண்டவன் பந்தை உடனை எடுக்கத் தேவையில்லை அக்கா. முதல் பாதியிலை மற்றவனிட்டை விட்டிட்டு, ரெண்டாம் பாதியிலை எடுக்கலாம். கெட்டிக்காரர் அப்பிடித்தான் செய்வினம். ஜூலையிலை அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போறன்.”

பெரிய கெட்டிக்காரன்! மே மாதம் பயிற்சிக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். அந்த நெஞ்சு நோவையும் “சீசன் முடியட்டும், பாப்பம்” என்று தள்ளிவைத்தாயாம். உன் மனைவி செத்தவீட்டில்தான் சொன்னாள். என்னிடம் ஏனடா சொல்லவில்லை?

அம்மாவும் செத்தவீட்டுக்கு வந்தார், அழுதார். அடுத்த கிழமை மறந்துவிட்டார். இப்போது அவருக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. பையை மட்டும் மறக்கவில்லை. தினமும் காலையில், “ஜூலை வந்திட்டுதே பிள்ளை?” என்பார். “இன்னும் இல்லை அம்மா” என்பேன். ஜூலை வந்த பிறகும் அதையே சொன்னேன்.

நேற்று டாஸில் நான் வென்றேன். உன் பொடியங்கள் எல்லோரும் உன் வழக்கமான சொல்லுக்காகக் காத்து நின்றார்கள். நடுவர் என் முகத்தைப் பார்த்தார். “பந்து எங்களுக்கு வேணும். இப்பவே வேணும்” என்று இங்கிலீஷில் சொன்னேன். புதுக் கேப்டனுக்கு முகம் கறுத்துவிட்டது. கறுக்கட்டும்.

திரும்பி வந்தேன். அம்மா மைதானத்தில் உன்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ரூபன் எங்கை பிள்ளை? ஜூலை வந்திட்டுதே?”

“வந்திட்டுது அம்மா. தம்பி இனி வரமாட்டான். மே மாதம் செத்துப்போனான்.”

முதல்முறை கேட்பதுபோல அழுதார். எனக்கு உன்னைப் பிடித்து நாலு அடி போட வேண்டும் போலிருந்தது. கனநேரம் கழித்து அம்மா கண்ணைத் துடைத்தார்.

“அப்ப அந்தப் பையைத் திற. குளிருது, சுவெட்டரை எடு.”

ஆறு மாதமாக உன் வீட்டுக்கென்று மடித்து வைத்திருந்த சுவெட்டரை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டேன். மேட்சில் தோற்றுப்போனோம். உன் பொடியங்களுக்கு என்மேல்தான் ஆத்திரம்.

இன்று காலையில் பை மறுபடி அடுக்கியிருந்தது. மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். நாளை கேட்டாலும் நாளைக்கே சொல்வேன். பொய் சொல்லித் தள்ளிப்போட மாட்டேன். உன் பாதியையும் நானே பார்ப்பேன் தம்பி, இது சத்தியம்.

உன்னை மன்னிக்கிறதை மட்டும் பிறகு பார்க்கலாம்.

இரண்டு பாதியும் தன் தலையில் விழுந்த,
உன் அக்கா