முடிக்கிற கால்

அன்பு மகன் லான்சினேவுக்கு, உன் அம்மா மகாலே எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் இரவை நல்லபடியாகக் கழித்து எழுந்தோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் நல்லபடியாக எழுந்திருப்பாய் என்று நம்புகிறேன். அப்பா சுகம், உன் தங்கை நாந்தெனின் சுகம், அவள் பெற்ற பிள்ளையும் சுகம், என் கை மட்டும்தான் சுகமில்லை. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று பதறாதே, இரண்டு உள்ளங்கையும் வீங்கியிருக்கிறது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் வீடே வந்து காதை வைக்கிறது. அதனால் இதை உன் பெண்டாட்டி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், நம் எழுத்து அவளுக்கு வாசிக்க வராது. அவள் வாயைத் திறப்பதற்குள் நீ இதைப் படித்துவிடு, ஏனென்றால் நான் அவளுக்கு ஒரு கெடுதல் செய்துவிட்டேன், அதை என் வாயால்தான் நீ கேட்க வேண்டும்.

முதலில் உன் மேல்தான் எனக்குக் கோபம். லீஸ்பெத் மூன்று மாதம் அப்பாவிடம் ஜெம்பே மேளம் கற்றுக்கொள்ள வருகிறாள் என்றாய், நானும் மருமகள் வருகிறாள் என்று கொசுவலையெல்லாம் துவைத்துக் கட்டி வைத்தேன். வந்த மறுநாளே உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, ஊரைக் கூட்டி அவளுக்கு சரான் என்று தன் அம்மாவின் பெயரை வைத்தார். அன்றிலிருந்து அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார், பெயர் சொல்லக்கூடாதாம். அம்மா சாப்பிட்டீங்களா, அம்மா வெயில்ல நிக்காதீங்க, காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு நாள் என்னைப் பார்த்து சாப்பிட்டாயா என்று கேட்ட மனிதரா அவர்! என் மாமியார் உயிரோடு இருந்தபோது நான் பட்டது போதாதென்று செம்பட்டை முடியோடு மறுபடி வந்துவிட்டாள் என்று நாந்தெனினிடம் சொன்னேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் தொழுகை முடிந்ததும் அப்பா சரானின் மேளத்தைத் தானே நெருப்பு ஓரம் வைத்துத் தோலைக் காய்ச்சுவார், அப்புறம் இரண்டு பேரும் மாமரத்தடியில் உட்கார்ந்தால் மதியச் சோறு வரைக்கும் பேச்சு, சிரிப்பு. அவள் மேளத்துக்குத் தோல் வேண்டுமென்று எந்த ஆட்டை அறுத்தார் என்று நினைக்கிறாய்? என் புள்ளி ஆட்டை. கேட்டால், குட்டி போட்ட பெட்டையின் தோல்தான் நாதம் தரும் என்று எனக்கே பாடம் எடுக்கிறார்.

ஆட்டுக்காக மட்டும் இப்படி வயிறெரிகிறேன் என்று நினைக்காதே. நீ பிறப்பதற்கு முன்னால், கல்யாணமான புதிதில், நான் ஒரு நாள் அவரிடம் ஜெம்பேயை என் மடியில் கொஞ்ச நேரம் வையுங்களேன் என்று கேட்டேன். அவர் சிரித்தார். பொம்பளைக்குத் தண்ணியில கவுத்த சுரைக்குடுக்கை இருக்குல்ல, அதைத் தட்டு என்றார். நானும் தட்டினேன், இத்தனை வருஷமாகப் பெண்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அதைத்தான் தட்டுகிறேன். ஆனால் சிறுமியாக இருக்கும்போது ஊருக்கே மெந்தியானி ஆட்டம் ஆடியவள் நான், என்னைத் தோளில் தூக்கி வந்து வட்டத்துக்கு நடுவே இறக்கிவிடுவார்கள், ஜெம்பேயின் ஒவ்வொரு அடியும் என் காலுக்குத் தெரியும். கைக்குத்தான் யாரும் கொடுக்கவில்லை. எனக்குக் கூடாது என்றது எங்கிருந்தோ வந்தவளுக்கு மட்டும் எப்படியடா கூடும்? அவள் அதை முழங்கால்களுக்கு நடுவே சாய்த்து வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், இதை எழுதும்போதும் வருகிறது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நாந்தெனின் பிள்ளைக்கு ஏழாம் நாள் பெயர் வைத்தோம். இமாம் போனபிறகு சாயங்காலம் மேளம் தொடங்கியது, அப்பா பெரியவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டு மற்ற மேளங்களை நடத்துகிற முன்மேளத்தை சரானிடம் கொடுத்துவிட்டார். ஊரே எட்டிப் பார்த்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் அடித்தாள். ஒருத்தி ஆடிப் போனாள், இரண்டாமவள் ஆடிப் போனாள், இவளும் ஈடுகொடுத்தாள். பெண்களெல்லாம் மெச்சித் தலைத்துணியை அவிழ்த்து அவள் கழுத்தில் போட்டார்கள், எல்லோரும் பார்க்கிறார்களே என்று நானும் என் நீலத் தலைத்துணியைப் போட்டேன். அப்போது உன் அப்பா என் பக்கம் திரும்பி, எங்க அம்மாவைப் பாத்தியா என்றார். அவ்வளவுதான், நான் வட்டத்துக்குள் இறங்கிவிட்டேன். ஆடுகிறவள் முடிக்கப் போகிறாள் என்பதை மேளக்காரன் அவள் காலில்தான் பார்க்க வேண்டும், ஒவ்வொருத்திக்கும் ஒரு முடிக்கிற கால் உண்டு, அந்தக் கால் எழும்போதே அவன் முடிப்பு அடிக்க வேண்டும், அது உனக்குத் தெரியும். நான் முடிக்கிற மாதிரி ஒரு காலைத் தூக்கினேன். எந்தக் கால் என்று இங்கே சொல்ல மாட்டேன். அவள் நம்பி முடிப்பு அடித்தாள், அதைக் கேட்டுப் பின்னால் பெருமேளம் அடிக்கிற இரண்டு பேரும் கையை நிறுத்தினார்கள். நான் நிற்கவில்லை. மேளமில்லாமல் சும்மா தரையில் தொம் தொம்மென்று ஆடிக்கொண்டே அவள் முன்னால் போனேன். ஆடுகிறவள் நிற்குமுன் மேளம் நிற்பதைவிட மேளக்காரனுக்கு வெட்கம் வேறு என்ன இருக்கிறது? பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதோடு விட்டேனா, அவள் கழுத்திலிருந்த என் துணியை எல்லோரும் பார்க்க உருவிப் பெருமேளக்காரன் ஒருவன் கழுத்தில் போட்டேன். அவள் மூஞ்சி தீயில் வாட்டின மாதிரி சிவந்துபோனது.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. “உன் கால் பொய் சொல்லிருச்சு மகாலே. உன் கால் பொய் சொல்லி நான் இதுவரைக்கும் பாத்ததில்ல” என்றார், நிலக்கடலைக் குழம்பைத் தொடாமல் எழுந்து போனார். சரான் இரண்டு நாள் மேளத்தைத் தொடவில்லை. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிடப் போவதாக நாந்தெனினிடம் சொல்லியிருக்கிறாள். தொலைந்தது என்று சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான், எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நான் உரலில் தானியம் குத்திக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள், என் உலக்கை விழுவதை அப்படியே தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டுமென்று நானும் நினைக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது, வேணும்னேதான் செஞ்சேன் என்று. அவள் அழுவாள் என்று பார்த்தேன். உடைந்த பேச்சில், “தெரியும் அத்தை. உங்க மாமியார் பேரை எனக்கு வச்ச அன்னைக்கே உங்க கோபம் தெரியும். ஆனா நான் எந்தக் காலை நம்பணும்னுதான் இன்னும் தெரியல” என்றாள். அப்பாவிடமும் கேட்டிருக்கிறாள், அது அவ காலு, அவளையே கேளுங்கம்மா என்று சொல்லிவிட்டாராம். எனக்கு உலக்கை ஓடவில்லை. மற்றவர்கள் காலையெல்லாம் சொல்லித்தருகிறேன், என் காலை அப்புறம் பார்க்கலாம், பதிலுக்கு அந்த மேளத்தை என் மடியில் வை என்றேன். டிக்கெட்டை அவள் மாற்றவில்லை.

இப்போது புரிகிறதா கை ஏன் வீங்கியது என்று. தினமும் மதியம் ஆற்றங்கரையில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் போகிறோம். நடுவில் அடிக்கிற கனத்த அடி எனக்கு முதல் நாளே வந்துவிட்டது, ஓரத்தில் அடிப்பதும் வந்துவிட்டது, பளீரென்று தெறிக்கிற அறைதான் தலைகீழாக நின்றாலும் வரவில்லை, ஈரத்துணியைக் கல்லில் போட்ட மாதிரி சத்தம். அவளுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை, அதற்கும் பொறாமைதான், சிரித்தால் அவள் கையைக் கடிக்கலாம் போலிருக்கிறது. போன வாரம் உன் அப்பா சாப்பிடும்போது யாரையும் பார்க்காமல், “ஆத்தோரம் யாரோ அறையிறாங்க, சத்தம் திறக்க மாட்டேங்குது. விரலை விறைக்க வேணாம்னு சொல்லுங்க” என்றார். சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் குழம்பில் இன்னொரு துண்டு மீன் போட்டேன். மறுநாள் விரலைத் தளர்த்தி அடித்துப் பார்த்தேன், ஒரே ஒரு தடவை தெறித்தது, சரான் எழுந்து நின்று கத்தினாள்.

வெள்ளிக்கிழமை அவள் கிளம்புகிறாள். மேளமும் அவளோடு போகிறது, என் புள்ளி ஆடு விமானம் ஏறுகிறது. இனி அதன் சத்தத்தை நீ கேட்பாய், நான் கேட்க மாட்டேன், உன் மேலும் எனக்கு இப்போது பொறாமை வந்துவிட்டது. அவள் பெட்டியில் ஷியா வெண்ணெய் டப்பாவுக்குக் கீழே என் நீலத் தலைத்துணி இருக்கும், பெருமேளக்காரனிடம் போய்க் கேட்டு வாங்கி வந்தேன். ஊர் பார்க்க உருவினதை ஊர் பார்க்கத்தான் திருப்பிப் போட வேண்டும், அதற்கு எனக்கு இன்னும் மனசு வரவில்லை, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். நீ அங்கே நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் அடிக்கும்போது எடுத்துக் கழுத்தில் போடு, அம்மா போட்டாள் என்று சத்தமாகச் சொல்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, தொழுகையை விடாதே, தங்கை பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்ப மறக்காதே. அல்லாஹ் உங்கள் இரண்டு பேருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் தரட்டும், சரான் மடியில் மேளத்தோடு ஒரு பிள்ளையையும் தரட்டும், அதற்கு என் மாமியார் பெயரை மட்டும் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா மகாலே

கடிதத்தை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரித்தேன். எந்தக் கால் என்று இன்று காலையிலும் அவள் கேட்டாள், நான் சொல்லவில்லை, பெட்டி கட்டுகிற வேலையைப் பார் என்றேன். மகனே, பொய் சொன்னது வலது கால். நான் முடிப்பது எப்போதும் இடது காலில்தான். அவளுக்கு வாயால் சொல்லாதே, சின்ன வயதில் என் பின்னால் ஆடித் திரிந்தவன்தானே நீ, எழுந்து ஆடிக் காட்டு.