அவகாடோவை நீங்களே நறுக்குங்கள்

என்னங்க,

எழுப்ப மனம் வரவில்லை. ஹால் சோபாவில் சுருண்டு படுத்திருந்தீர்கள். போர்வையை மட்டும் இழுத்துவிட்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்புகிறேன்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்ததே என்று நேற்று ஆசை ஆசையாக அவகாடோ பழத்தில் அந்த சல்சா பச்சடியைச் செய்தேன். போனிலிருந்து தலையைத் தூக்காமலே "நல்லாருக்கு" என்றீர்கள். "எது நல்லாருக்கு?" என்று கேட்டேன். "இதான், வெள்ளரிக்காய்" என்றீர்கள். அதில் வெள்ளரிக்காயே போடவில்லை. அதற்குத்தான் அவ்வளவு கத்தினேன். வெள்ளரிக்காய் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வார்டில் நாள் முழுக்க யாரோடாவது பேசிக்கொண்டே இருக்கிறேன். வீட்டுக்கு வந்தால்தான் பேச ஆளில்லை.

இன்றைக்கும் உங்களுக்கு லீவுதானே? மேசையில் இரண்டு அவகாடோ பழுத்திருக்கின்றன. இப்போதே நறுக்கினால் கறுத்துவிடும். சாயங்காலம் நீங்களே நறுக்குங்கள். வெங்காயத்தாள், இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாம் பொடியாக அரிந்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். எலுமிச்சைச் சாறும் சோயா சாஸும் கொஞ்சம் நல்லெண்ணெயும் விட்டுக் கலந்து, மேலே வறுத்த எள்ளைத் தூவுங்கள். போட்டு மசித்துக் கூழாக்கிவிடாதீர்கள்.

பிளம்பர் வந்தால் குளியலறைக் குழாயைக் காட்டுங்கள்.

பி.கு.: உப்பு போடாதீர்கள், சோயா சாஸிலேயே இருக்கிறது. நான் வருவதற்குள் சாப்பிட்டும் விடாதீர்கள்.

இன்னொன்று. சாவி என் பையில்தான் இருக்கிறது. இருந்தாலும் பெல் அடிப்பேன். எழுந்து வந்து கதவைத் திறந்துவிடுங்கள்.