ஒன்று கழி

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம், அப்பாவின் கடைவாய்ப் பல்லைத் தவிர. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளித்த தலையை ஒழுங்காகத் துவட்டி, மனுஷனாக இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் எழுத்து தகரத்தில் ஆணியால் கீறினது மாதிரி இருக்கிறது என்று நீதானே சொன்னாய், அதனால் இந்த ஏற்பாடு. இன்றைக்கு என்ன எழுதப் போகிறோம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். அதனால்தான் பட்டறையில் தகடு வளைக்கிற இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறேன். வழியை அடைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே போவாள், பார்க்கலாம்.

அப்பா பல் டாக்டரிடம் வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நம் துளை போடுகிற மெஷினும் அவர் மெஷினும் ஒரே சத்தம்தான் போடுகிறது, அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா என்கிறார். ஒரு பக்கமாகவே மென்று மென்று முகமே கொஞ்சம் கோணிவிட்டது. நீ போன பார்சலில் அனுப்பின புது டேப்பை இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு திரிகிறார், அளக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் இழுத்து இழுத்து விடுகிறார். பழைய டேப்பைத் தூக்கி எறியுங்கள் என்று நீ சீட்டு எழுதியிருந்தாயே, எறியவில்லை, ஆணியில் தொங்குகிறது. அந்த டேப்பில்தான் விஷயமே இருக்கிறது. (கை நிற்கிறது. எழுதடி.)

சலவைக் கடைக்காரர் துணி காயவைக்கிற அறைக்குக் காற்றுக் குழாய் கேட்டிருந்தார். பழைய குழாயில் காற்று நேராகப் போய் எதிர்ச் சுவரில் முட்டித் திரும்பிவிடும், இடது மூலையில் தொங்குகிற துணிக்கு மட்டும் எட்டவே எட்டாது, அங்கே தொங்கினதெல்லாம் நாய்க்குட்டி நாற்றம். உங்கள் குழாய் காற்று விடுகிறதா, கொட்டாவி விடுகிறதா என்று அவர் அப்பாவை வாசலில் நிற்க வைத்துக் கேட்டுவிட்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்போதுதான் இந்த அமுக்குணி, நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயே திறக்காதவள், நான் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கட்டுமா என்றாள். நீயும் உன் கூட்டாளிகளும் சேர்ந்து செய்கிறீர்களே, காற்று எப்படிப் போகும் தண்ணீர் எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டு வண்ண வண்ணமாகக் காட்டுகிற புரோகிராம், அதில்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ அதை ஊருக்குச் சும்மா கொடுக்கிறாய் என்பதும், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தி அனுப்பலாம் என்பதும்தான். அடுக்களைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வருகிறவர் போகிறவரெல்லாம் உப்புப் பார்க்கலாம் என்கிற மாதிரி. எனக்குக் கேட்டபோதே பகீரென்றது. ஆனால் இவள் பள்ளிக்கூடத்தை விட்ட இந்த ஒன்றரை வருஷமும் உன் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நீ எழுதி வைத்ததையெல்லாம் வரி வரியாகப் படித்திருக்கிறாள். நாங்கள் என்னவோ படம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு முழு மத்தியானம் அந்தக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. குழாயின் வளைவை இப்படி மாற்றி அப்படி மாற்றி நூற்றுக்கணக்கில் போட்டுப் பார்க்குமாம், எது நல்லதோ அதை எடுத்துக் கொடுக்குமாம். செருப்பு வாங்கப் போனால் உன் சித்தி கடையில் இருக்கிற அத்தனையையும் போட்டுப் பார்ப்பாளே, அது மாதிரி. ஆனால் அவள் கடைசியில் முதல் ஜோடியையே வாங்கி வருவாள், உன் புரோகிராம் அப்படி இல்லை, திரையில் மூலை முடுக்கெல்லாம் காற்று ஓடியது. அப்பா அது சொன்ன அளவுக்கே தகடு வெட்டினார், நான் ஓரம் மடித்தேன், கொண்டுபோய் மாட்டினோம். குழாய்க்கும் சுவர் ஓட்டைக்கும் நடுவில் ஒரு அங்குலம் இடைவெளி. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் தள்ளித் தள்ளி நின்றன. சலவைக் கடைக்காரர் இடைவெளியில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினார், அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அப்பா வீட்டுக்கு வந்து, படிப்பை விட்டவளை நம்பினேன் பார் என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். (அதை ஏன் சொல்கிறாய் என்கிறாள். சொன்னதைத்தானே சொல்கிறேன், எழுது.)

மூன்று நாள் இவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. புரோகிராமில் பிழை இருக்குமோ என்று எல்லோரும் கேள்வி கேட்கிற பக்கத்தில் தேடியிருக்கிறாள். பெரிய தொழிற்சாலைக்காரர்கள் யாருக்கும் குறையில்லை, சின்னச் சின்னக் குழாய் போடுகிற நாலைந்து பேர் மட்டும் அளவு இடிக்கிறது, அளவு இடிக்கிறது என்று வருஷக்கணக்காக அழுதிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நீ ஒரே பதில்தான் போட்டிருக்கிறாய், அளவைச் சரியாக எடுக்கவும் என்று. இவளுக்கு இன்னும் குன்றிப்போய்விட்டது. நாலாம் நாள் பத்து அங்குலக் குழாய் என்று கொடுத்துப் பார்த்தாள், அது ஒன்பது அங்குலம் வரைந்தது. ஒரு அங்குலம் என்று கொடுத்தாள், புரோகிராமே மல்லாந்து விழுந்தது. திறந்து பார்த்தால், அளவை வாங்குகிற இடத்தில் வருகிற எண்ணில் எல்லாம் ஒன்றைக் கழித்து வைத்திருக்கிறாய்! ஏன் என்று ஒரு சொல் எழுதவில்லை. இவள் சிரித்த சிரிப்பில் நான் கத்தரியோடு ஓடி வந்தேன். இந்தப் பெண் சத்தமாகச் சிரித்து நான் எப்போதடா கேட்டிருக்கிறேன்.

உனக்கு இப்போதாவது உறைத்திருக்கும். நம் பழைய டேப்புக்கு முதல் அங்குலம் கிடையாது, ஒன்றிலிருந்துதான் தொடங்கும். இந்தப் பட்டறையில் ஒருவர் அளவைச் சொன்னால் இன்னொருவர் ஒன்று கழி என்று கத்தினால்தான் வேலையே நடக்கும். கல்லூரி விடுமுறையில் இதே மேசையில் உட்கார்ந்து அப்பா கூப்பிட்ட அளவுகளை வைத்துத்தானே நீ முதன்முதலில் அதை எழுதினாய். பழக்க தோஷம், கழித்துவிட்டாய். உன்னோடு சேர்ந்து உலகம் முழுக்க இத்தனை வருஷமாக நம் வீட்டு டேப்பில் அளந்துகொண்டிருக்கிறது. பழைய டேப்பில் அளந்திருந்தால் எங்களுக்கும் ஒரு குறையும் தெரிந்திருக்காது, நீ புது டேப் அனுப்பினாய், அதில் அளந்தோம், குட்டு வெளிப்பட்டது. இவள் கழித்தலை எடுத்துவிட்டு அளவு போட்டாள், அப்பா மறுபடி வெட்டினார், குழாய் சுவரில் போய் உறைக்குள் கத்தி மாதிரி உட்கார்ந்தது. மூலைத் துணியை எடுத்து மோந்து பார்த்துவிட்டு சலவைக் கடைக்காரர் இவளுக்குக் கை கூப்பினார். இவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இனிமேல்தான் நீ கவனிக்க வேண்டியது. அந்தத் திருத்தத்தை உனக்கு அனுப்பிய ஆள் இவள்தான். மைனஸ் ஒன்று என்று பெயர் வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறாள், அந்தப் பெயரைப் பார்த்தும் உனக்குப் பொறி தட்டவில்லை. (ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். உட்கார வைத்திருக்கிறேன்.) நீ பதில் போட்டிருக்கிறாய், மதிப்புக்குரிய ஐயா, இந்தக் கழித்தல் ஏன் வந்தது என்று தாங்கள் விளக்க வேண்டும், விளக்கம் இல்லாமல் சேர்க்க முடியாது, மாதக் கடைசியில் இந்தத் திருத்தத்தை ஏற்காமல் மூடிவிடுவோம் என்று. இவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினபோது எனக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டாள் என்று ஒன்றரை வருஷமாக நீ போனில் இவளைக் கூப்பிடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை, ஐயா என்று மட்டும் வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறாய். பதினோரு தடவை பதில் எழுதி எழுதி அழித்துவிட்டாள். ஊர் உலகமெல்லாம் படிக்கிற இடத்தில், அண்ணன் எட்டு வயதில் டேப்பை வெட்டினான் என்று எப்படி அம்மா எழுதுவது என்கிறாள். உன் மானத்துக்காகத் தன் திருத்தம் மூடிப்போனாலும் போகட்டும் என்று இருக்கிறாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை எல்லாம் கிடையாது.

ஆமாம், நீதான் வெட்டினாய். புதுக் கத்தரி வெட்டுகிறதா என்று பார்க்க டேப்பை வெட்டிவிட்டு, எலி கடித்தது என்றாய். இரும்பைக் கடிக்கிற எலி. அப்பா அதை நம்பினது மாதிரி இருந்துவிட்டார், நானும் இருந்துவிட்டேன். போன வாரம் இவள் ரப்பர் தேடி உன் பழைய ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்தாள், அடியில் காகிதத்தில் சுற்றிக் கிடக்கிறது எலி கடித்த துண்டு.

தங்கை என்பதற்காக ஒன்றும் சேர்க்காதே, அது இவளுக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. நீயே போட்டுப் பார், சரியாக இருந்தால் சேர். அந்த நாலைந்து பேருக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி போடு, குறைந்துவிட மாட்டாய். படிப்புப் பேச்சை நீயாக எடுக்காதே, இவளாக எடுத்தால் கேட்டுக்கொள். முடியை வெட்டு. அப்பாவுக்குப் பல்லைப் பற்றி நீ சொன்னால் கேட்பார். நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், உன் கணக்கெல்லாம் கூடி வர வேண்டும். விளக்கம் கேட்டிருந்தாய் அல்லவா, இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன், நீளம் ஒரு அங்குலம். உறையைப் பார்த்துப் பிரி, முனை கூர்.

உன் அம்மா

அண்ணா, அளவைச் சரியாகத்தான் எடுத்தேன். தங்கை.