உதடு அசைத்தவள்

இராஜபாளையம்,
1938 மார்ச், சனிக்கிழமை

சென்னையில் மனோதத்துவம் படிக்கும் மகன் ராபர்ட்டுக்கு, பருத்தி வியாபாரி ஞானரத்தினம் எழுதுவது. உன் அம்மா சுகம். நான் கோபத்தில் இருக்கிறேன்.

நான் தூத்துக்குடி போயிருந்த சமயம் நம் கணக்கப்பிள்ளை தனுஷ்கோடியின் பேருக்குக் கடிதம் போட்டிருக்கிறாய். உதடு அசைத்துக்கொண்டே பருத்தி பொறுக்கிச் சுத்தம் செய்யும் பெண்கள் அதில் கிடக்கும் சருகைத் தவற விடுகிறார்கள், லீவில் நம் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்து நிரூபித்துவிட்டேன், அது தற்செயலாக இருக்க நூற்றுக்கு ஐந்துகூட இடமில்லை என்று. சின்ன முதலாளி சொன்னாரென்று அவரும், எல்லாரிலும் அதிகமாக உதடு அசைக்கும் சந்தனமேரியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

ஏலே, எத்தனை விஷயம் பார்த்தாய்? வெற்றிலை போடுகிறவள், இடக்கைக்காரி, பாடுகிறவள் என்று இருபது குணம் பார்த்தேன், ஒன்று மாட்டியது என்று நீதானே அம்மாவிடம் பெருமையடித்தாய்? நூற்றுக்கு ஐந்து என்றால் இருபதுக்கு ஒன்று. குணத்துக்கும் சருகுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் இருபதில் ஒன்று தற்செயலாக மாட்டும். மற்ற பத்தொன்பதை ஏன் சொல்லவில்லை? இருபது மூட்டையில் கைவிட்டு, நல்ல பிடி வந்த ஒன்றை மட்டும் காட்டி நான் சரக்கு விற்றால் விருதுநகரில் செருப்பால் அடிப்பார்கள்.

ஆனாலும் உன் பேச்சைச் சும்மா தள்ளவில்லை. உதடு அசைக்கிற மற்றவர்களின் குவியலை இந்த வாரம் நானே கிளறிப் பார்த்தேன். வாய்மூடிப் பொறுக்குகிறவர்கள் விடும் அளவு சருகுதான் அதிலும்.

உதடு ஏன் அசைகிறது என்று அவளைக் கேட்டாயா? நம் சபையில் ஜெபமாலை கிடையாது, உனக்குத் தெரியவில்லை. அவள் ஆர்.சி., கத்தோலிக்கச் சபைக்காரி; படுக்கையில் கிடக்கும் புருஷனுக்காக வாய்க்குள் ஜெபமாலை சொல்கிறாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பஞ்சுப்பேட்டையில் வேலை கேட்டிருக்கிறாள். காலேஜுப் பிள்ளை கணக்குப் போட்டுத் தள்ளினவள் எங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் ஆள்விட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். வாசலோடு நின்று, “மொதலாளி, நீங்க எரக்கப்பட்டுச் சேத்தியன்னுதான் ஊரு சொல்லும். தப்புன்னு சொன்ன சின்ன மொதலாளி அவிய வாயாலயே தப்பில்லன்னு சொல்லட்டும். பொறவு வாரேன்” என்று போய்விட்டாள். புருஷனுக்கு மருந்து நின்றுபோயிற்று. நான் கொடுத்தனுப்பிய பணமும் திரும்பி வந்துவிட்டது.

பிள்ளைக்குப் பட்டம் கெட்டுவிடும், பதமாக எழுதுங்கள் என்கிறாள் உன் அம்மா. பதம் எனக்கு வராது. பட்டத்துக்கு இதைத்தானே எழுதிக் கொடுத்திருக்கிறாய், புரொபசரிடம் இருபதையும் சொல். பட்டம் தாமதமானால் ஆகட்டும்.

அடுத்த ரயிலில் வா. இறங்கியதும் சந்தனமேரி வீட்டுக்குப் போய், அவளைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்து, எல்லாப் பெண்கள் முன்னாலும் நீ சொன்னது தப்பென்று சொல். வீட்டுக்கு அப்புறம் வரலாம். நீ வருவாயென்று உன் கட்டிலை அம்மா வெயிலில் போட்டிருக்கிறாள். நான் தடுக்கவில்லை.

கர்த்தர் உன் வாய்க்குத் தைரியம் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஞானரத்தினம்